வரையற்ற பாகைகள்: அறுபத்துமூன்று

மார்ச் முப்பது. செல்லம்பட்டி வட்டாரக் கணக்கு
நாளைக் காலைக்குள் மதுரைக்குப் போயாக வேண்டும்.
மின்விசிறி மூன்றாம் எண்ணில் மட்டும் சுற்றுகிறது.

எடுகோளை முதலிலேயே எழுதியாயிற்று:
உருண்டையால் ஒன்றும் ஆகவில்லை.
எங்கள் தொழிலில் இப்படித்தான் வாயைத் திறக்க வேண்டும்.
கேழ்வரகும் வெல்லமும் முருங்கைப் பொடியும்
நாலு மாதம் ஊரூராய்ப் போய் வந்த பின்னும்
ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லிவிட்டு
எண்கள் மறுத்துப் பேசுமா என்று காத்திருக்க வேண்டும்.

அறுபத்து நான்கு கர்ப்பிணிகள்,
அறுபத்து நான்கு விரல்நுனிகள்.
போன வருடச் சராசரி பத்து புள்ளி ஒன்று.
இந்த வருடம் பத்து புள்ளி நான்கு.
நடுவில் நிற்பது புள்ளி மூன்று கிராம்,
உப்பாக இருந்தால் ஒரு சிட்டிகைக்கும் குறைவு.

விலக்கம் ஒன்று புள்ளி இரண்டு. எட்டால் வகுத்தேன்.
விடை இரண்டு. சரியாக இரண்டு.
அட்டவணையின் அறுபத்துமூன்றாம் வரிசை
கேட்பது 1.998.

தாண்டிவிட்டோம்!
ஆயிரத்தில் இரண்டு இடைவெளியில்
ஒரு திட்டம் உயிர் பிழைத்தது.
வட்டார மருத்துவர் டீ சொன்னார், வடையும் சொன்னார்.
(சோகை விகிதம் மட்டும் ஒத்துவரவில்லை:
முன்பு நூற்றுக்கு எழுபத்தெட்டு,
இப்போது அறுபத்து நான்கில் நாற்பத்து நான்கு.
குறைவுதான், எல்லையைத் தொடவில்லை.
இரண்டாம் பக்கத்தில் போட்டுக்கொள்ளலாம் என்றார்.)

வடை ஆறுவதற்குள் கண்ணில் பட்டது
நாற்பத்தொன்றாம் வரி.
பவளக்கொடி, நக்கலப்பட்டி, ஏழாம் மாதம், 14.0.
பதினான்கா?
அந்த ஊரில் கல்லுடைக்கிற ஆண்களுக்கே
அவ்வளவு ரத்தம் இருந்து நான் பார்த்ததில்லை.

ஜெபராணி சிஸ்டரைக் கூப்பிட்டேன்.
உசிலம்பட்டி பஸ்ஸில் இருந்தார், நோட்டு மடியில்.
பக்கம் புரளும் சத்தம், நடுவே நடத்துநரின் விசில்.
"பத்து புள்ளி நாலு சார். நாந்தேன் எழுதுனேன்.
இங்கிட்டுச் சரியாத்தேன் இருக்கு."

அங்கிட்டுச் சரி.
இங்கிட்டு, என் விரலடியில்,
சுழியும் நாலும் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன.

திருத்திக் கூட்டினேன். 1.76.
இன்னொரு முறை கூட்டினேன், பயலுக்குப் பாடம் சொல்வதுபோல மெதுவாக.
1.76.

"ஒருத்திதானே" என்றார் மருத்துவர்.
ஒருத்திதான்.
பத்து புள்ளி நான்கு,
அச்சுப் பிசகாத சராசரிக்காரி.
அவளை உச்சியில் ஏற்றி வைத்து
அந்த நிழலில் நாங்கள் ஜெயித்திருந்தோம்.

இல்லாததை உண்டென்றால் முதல் வகைப் பிழை.
அதற்கு நூற்றுக்கு ஐந்து என்று வேலி போட்டாயிற்று.
உள்ளதை இல்லையென்றால் இரண்டாம் வகை.
அந்தப் பக்கம் வேலியடைக்க
இன்னும் நூறு விரல்களாவது வேண்டும்.
நிதி இல்லை என்று
ஜூன் மாதமே கடிதம் வந்துவிட்டது.

பவளக்கொடியிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று
அழைத்தேன். கோழிச் சத்தத்துக்கு நடுவே சொன்னாள்:
"உருண்டையா சார்? வாயில வச்சாலே குமட்டுது.
மூத்தவன் தின்னுருவான்.
அவனத்தேன் இப்பப் புடிக்கவே முடியல,
பள்ளிக்கூடத்துல இருந்து ஓடியேதேன் வாரான்."

ஓடி வருகிறவனுக்கு
என் தாளில் கட்டம் இல்லை.

'எடுகோளை மறுக்கப் போதிய சான்று இல்லை'
என்று எழுதினேன்.
ஏற்கிறோம் என்று எழுதவில்லை.
இரண்டுக்கும் உள்ள தூரத்தை
மதுரையில் யார் நடந்து பார்ப்பார்கள்?
அடிக்கோடிட்டேன், அழித்தேன்,
மறுபடி இட்டேன்.

டீயில் ஏடு படிந்திருந்தது.
அனுப்பப் போகும்போதுதான் நினைவு வந்தது,
இரண்டாம் பக்கத்தையும் திருத்த வேண்டும்.
பதினொன்றுக்குக் கீழே இறங்கிவிட்டாள் பவளக்கொடி.
நாற்பத்து நான்கு இல்லை,
நாற்பத்தைந்து.